கத்திக் காக்காவின் வாக்குமூலம்

காயல்பட்டினத்தில் காடு கிடையாது. கிழக்கே கடல். வடக்கே உப்பளங்களைத் தாண்டினால் தாமிரபரணி கடலில் விழுகிற புன்னைக்காயல். தெற்கே திருச்செந்தூரைக் கடந்து போனால் தேரி மணலும் பனையும். இந்த ஊரில் பிறந்து, இந்த ஊரிலேயே தலை நரைத்த எனக்கு ‘கத்திக் காக்கா’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. எங்கள் பேச்சில் காக்கா என்றால் அண்ணன். காட்டில் தங்கவும் உயிர் பிழைக்கவும் எந்தக் கத்தி வாங்கலாம் என்று கேட்டு இளவட்டங்கள் என்னைத் தேடி வருவார்கள். கேலியாகத் தொடங்கிய பெயர்தான். ஆனால் அதை நான் ஒருநாளும் வேண்டாம் என்று சொன்னதில்லை. தெருவில் யாராவது அப்படிக் கூப்பிட்டால் முகத்தைச் சுளிப்பேன், உள்ளுக்குள் குளிரும். முதலில் ஒப்புக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

மடக்காத கத்திகளைப் பற்றித்தான் பேசுகிறேன். அலகு பிடியோடு அசையாமல் பொருந்தியிருக்கும், உறையில் செருகி இடுப்பில் தொங்கவிடுகிற வகை. கத்தி வாங்குகிறவன் எதை வெட்டப்போகிறோம் என்று யோசிப்பான். யார் பார்க்கப்போகிறார்கள் என்று யோசித்து வாங்கியவன் நான். என் அலமாரியில் இருந்த ஒவ்வொரு கத்திக்கும் அதுதான் காரணம்.

ஊர் ஆண்கள் பலரைப் போல நானும் வாலிபத்தில் ஹாங்காங்கில் இருந்தவன். ரத்தினக்கல் வியாபாரத்தில் எடுபிடி. அடுக்குமாடிகள் மட்டும்தான் அந்த ஊர் என்று நினைப்பவர்களுக்குத் தெரியாது: அதன் நிலத்தில் ஏறக்குறைய 40 சதவீதம் பாதுகாக்கப்பட்ட மலையும் காடும். 1979-இல் திறந்த மெக்லஹோஸ் நடைபாதை மட்டும் 100 கிலோமீட்டர் நீளம். விடுமுறை நாட்களில் ஊர்க்காரர்கள் கூட்டமாகச் சாய் குங் பக்கம் நடக்கப் போவோம். கடலோரத்தில் கூடாரம் போடுவதற்கென்றே இடம் ஒதுக்கியிருப்பார்கள். அப்படி ஒரு ராத்தங்கலுக்காக மாங் காக்கில் ஒரு கடையில் என் முதல் கத்தியை வாங்கினேன். ஏழு அங்குல அலகு, முதுகில் ரம்பப் பல், உள்ளே குழாயாக வெறுமையாய் இருக்கும் பிடி. பிடியின் மூடியைத் திருகினால் திசைகாட்டி. உள்ளே தூண்டில் முள், நரம்பு, தீக்குச்சி.

1982-இல் வந்த ‘ஃபர்ஸ்ட் பிளட்’ படத்தில் ரேம்போ வைத்திருந்த கத்தியின் நகல் அது. அசலைச் செய்தவர் அமெரிக்காவின் ஆர்கன்சாவைச் சேர்ந்த ஜிம்மி லைல் என்ற தேர்ந்த கைவினைஞர். அவர் கத்தி வேறு, அதைப் பார்த்து உலகம் முழுக்க வார்த்துத் தள்ளிய என் கத்தி வேறு. பிடி குழாயாக இருந்தால் அலகின் இரும்பு பிடியின் வாயோடு நின்றுவிடும். பலமாக ஒரு தட்டுத் தட்டினால் ஆட்டம் கொடுக்கிற இடம் அதுதான். ரம்பப் பல்லோ மரத்தில் மாட்டிக்கொள்ளுமே தவிர அறுக்காது. திசைகாட்டியை ஒருமுறை கிப்லா பார்க்க எடுத்தேன். அது கடல் பக்கத்தைக் காட்டியதும் நானே மூடிவிட்டேன்.

அந்த முகாமில் அது செய்த ஒரே வேலை காலையில் பன் வெட்டியது. அதையும் ஒழுங்காகச் செய்யவில்லை. அவ்வளவு கனத்த அலகு பன்னை வெட்டாது, பிய்க்கும். மரம் வெட்ட அங்கே அனுமதியும் இல்லை. ஆனால் ஊருக்கு எழுதிய கடிதத்தில் நான் விறகு வெட்டினேன், தீ மூட்டினேன், ராத்திரி காட்டுப்பன்றி வந்தபோது கத்தியோடு எழுந்து உட்கார்ந்தேன். பன்றி வந்தது உண்மை. நான் கூடாரத்துக்குள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தேன்.

ஊரோடு திரும்பி வந்தபிறகு பைத்தியம் முற்றியது. இரும்பைப் பற்றிப் படித்தேன். இதில் பொய் இல்லை, நிஜமாகவே படித்தேன். கரி அதிகமுள்ள உருக்கு நன்றாகத் தீட்டு வாங்கும், ஆனால் துருப்பிடிக்கும். குரோமியம் சேர்ந்த எவர்சில்வர் வகை துருவுக்கு அசையாது, ஆனால் மலிவானதில் முனை சீக்கிரம் மழுங்கும். அமெரிக்க மரைன் வீரர்கள் 1942-இலிருந்து பயன்படுத்திப் பேர் பெற்ற கே-பார், ஸ்வீடனின் மோரா ஊரிலிருந்து வரும் மெல்லிய மோரா கத்தி, ஃபின்லாந்தின் புக்கோ, நேபாளத்துக் குக்ரி என்று எல்லாவற்றின் வரலாறும் எனக்கு அத்துப்படி. ராக்வெல் கடினத்தன்மை 56-லிருந்து 60-க்குள் இருந்தால் காட்டு வேலைக்குப் போதும் என்பேன். ஃபுல் டாங் வேண்டும், அதாவது அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஓட வேண்டும் என்பேன். 2020 மார்ச்சில் பந்திப்பூர் காட்டில் ரஜினியும் பேர் கிரில்ஸும் சேர்ந்து வந்த நிகழ்ச்சி ஒளிபரப்பானது. அடுத்த இரண்டாம் நாள் ஊரடங்கு. வேலையில்லாத பையன்கள், வீட்டு மாடி, என் வாய். வேறென்ன வேண்டும்.

சொன்ன விஷயங்கள் பெரும்பாலும் சரி. சொன்ன ஆள்தான் பொய். பொதிகையில் தனியாக ராத்தங்கியிருக்கிறேன் என்று சொன்னேன். மழையில் நனைந்த கட்டையைக் கத்தியால் பிளந்து, உள்ளே காய்ந்திருக்கும் வைரத்தைச் சீவித் தீ மூட்டினேன் என்றேன். அந்த உத்தி உண்மையானதுதான். கனடாவின் மோர்ஸ் கொச்சான்ஸ்கி போன்றவர்கள் வாழ்நாளெல்லாம் கற்றுக்கொடுத்தது. நான் பொதிகைக்குப் போனது குடும்பத்தோடு ஒரு வேனில். காரையாறு அணையைப் பார்த்தோம், கட்டிக்கொண்டுபோன நெய்ச்சோற்றைச் சாப்பிட்டோம், சாயங்காலமே இறங்கிவிட்டோம். வேனில் எனக்கு வாந்தி வேறு.

தீட்டுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நான் தொழில் தெரியாதவன் என்பது பச்சையாகத் தெரியும். இத்தனை இரும்புக் கதை பேசிய எனக்குக் கத்தி தீட்டத் தெரியாது. தெருவில் சைக்கிளில் சாணைக்கல் கட்டிக்கொண்டு வருகிறவரிடம் கொடுத்துவிடுவேன். வேகமாகச் சுற்றும் கல்லில் தண்ணீர் இல்லாமல் பிடித்தால் முனை சூடேறி நீலம் பாய்ந்துவிடும். அந்த இடத்தில் இரும்பின் பதம் போய்விட்டது என்று அர்த்தம். காசு கொடுத்து வாங்கிய நல்ல உருக்கை இப்படித்தான் கெடுத்தேன். தேரிக்காட்டில் பனையேறுகிறவர்கள் பாளை சீவும் அரிவாளை இடுப்பில் அரிவாள்பெட்டியில் போட்டுத்தான் மரம் ஏறுவார்கள். மரப்பலகையில் வெள்ளைக்கல் பொடியைத் தூவித் தினமும் அதைத் தீட்டுவார்கள். பாளையை மெல்லிசாகச் சீவாவிட்டால் பதநீர் ஒழுங்காகச் சுரக்காது. அதனால் அந்த அரிவாளின் கூர் அவர்களுக்குச் சோறு. தீட்டித் தீட்டித் தேய்ந்து பாதியாய்ப் போன அந்த அரிவாளை ஒருமுறை கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “என்ன இரும்பு இது?” என்று கேட்டேன். “இரும்புதான்” என்றார் அவர். அவருக்குப் பாடம் எடுத்துவிட்டுத்தான் வந்தேன்.

ஒரு ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி இறைச்சியைத் துண்டு போடுகிற இடத்துக்கு என் கே-பார் மாடல் கத்தியோடு போய் நின்றேன். கறி வெட்டுகிறவரின் கையில் இருந்தது மெல்லிய, வளைந்து கொடுக்கிற, மரப்பிடி போட்ட சாதாரணக் கத்தி. என் கத்தியால் ஒரு தொடைக்கறியைப் பிரிப்பதற்குள் அவர் பாதி ஆட்டை முடித்துவிட்டார். அவர் சிரிக்கவில்லை. “காக்கா, கை வலிக்கும், தள்ளுங்க” என்றார். இது என்னைத் திருத்தியிருக்க வேண்டும். கனத்த அலகு பிளக்கும், மெல்லிய அலகு அரியும். முகாமிலும் பத்தில் ஒன்பது வேலை அரிகிற வேலைதான். ஆனால் நான் வீட்டுக்குப் போய், இறைச்சிக்கென்று தனியாக ஒரு கத்தி வாங்க வேண்டும் என்று முடிவு செய்தேன்.

இனி ஆசாரி விஷயம்.

ஆறுமுகநேரிப் பக்கம் ஒரு கொல்லர் பட்டறை. அரிவாள், மண்வெட்டி, கடப்பாரை எல்லாம் அடிப்பார். லாரி பட்டையை வெட்டி அரிவாள் அடிப்பது தென்மாவட்டங்களில் பழைய வழக்கம். சுமை தாங்கி வளைந்து நிமிர்வதற்கென்றே செய்த உருக்கு அது. அடி வாங்கினால் சட்டென்று முறியாது. அமெரிக்கக் கத்திக்காரர்கள் 5160 என்று எண் போட்டுப் பெருமையாக விற்பதும் இந்தக் குடும்பத்து உருக்குதான். எனக்கு ஓர் ஆசை வந்தது. என் கையால் வரைந்த படத்துக்கு என் ஊர் இரும்பில் ஒரு காட்டுக்கத்தி. பேர் கூட வைத்திருந்தேன். வெட்கமாக இருக்கிறது, அதை எழுதப்போவதில்லை.

ஆசாரி படத்தைப் பார்த்தார். முனை இவ்வளவு குறுகலாக வேண்டாம், பிடிக்குப் பக்கத்தில் இந்த நகாசுப் பள்ளம் வேண்டாம், அங்கேதான் விரிசல் விடும் என்றார். நான் கேட்கவில்லை. காந்தம் ஒன்று வேறு எடுத்துப்போயிருந்தேன்; இரும்பு காய்ந்து காந்தம் ஒட்டாத நிலைக்கு வந்ததும் எண்ணெயில் தோய்க்க வேண்டும் என்று புத்தகத்தில் இருந்ததால். உலையிலிருந்து அவர் நிறம் பார்த்து எடுத்த நேரமும் என் காந்தம் சொன்ன நேரமும் ஒன்றாகவே இருந்தன. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

எண்ணெயில் தோய்ச்சல் போட்டு எடுத்தபின், அலகைத் தேய்த்துப் பளபளப்பாக்கி, மறுபடி இளஞ்சூட்டில் காட்டி, வைக்கோல் நிறம் வரும்வரை பதம் இறக்குவது முறை. இல்லையென்றால் கடினம் இருக்கும், உரம் இருக்காது. நான் தடுத்தேன். எனக்கு ராக்வெல் 62 வேண்டும். பதம் இறக்கினால் கடினம் குறையும் என்று படித்திருந்தேன். அது உண்மை. ஏன் குறைக்கிறார்கள் என்ற அடுத்த பக்கத்தைப் படித்தும் படிக்காத மாதிரி இருந்தேன்.

“பதம் இறக்காம குடுத்தா கண்ணாடி மாதிரி தெறிச்சிரும் முதலாளி. எம் பேருதான் கெடும்” என்றார்.

“அண்ணாச்சி, நான் சொன்னபடி குடுங்க. எதுன்னாலும் நான் பொறுப்பு” என்றேன்.

பொறுப்பு என்ற சொல்லை நான் எப்படிக் காப்பாற்றினேன் என்பதைக் கேளுங்கள். ஒரு தோட்டத்தில் பையன்களைக் கூட்டி வைத்து, வேலிக்கருவைக் கட்டையில் கத்தியைப் பதித்து, மேலே இன்னொரு கட்டையால் அடித்துப் பிளந்து காட்டினேன். சொல்லி வைத்ததுபோல, ஆசாரி காட்டிய அதே பள்ளத்தில் அலகு இரண்டாக முறிந்தது. ஒரு துண்டு ஒரு பையனின் கெண்டைக்காலை ஒட்டிப் பறந்துபோய் மண்ணில் குத்தியது. அல்ஹம்துலில்லாஹ், படவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் உடைந்த இடத்தைக் குனிந்து பார்த்து, நிபுணன் மாதிரி தலையை ஆட்டி, “ஆசாரி ஏமாத்திட்டான்” என்றேன். ஏமாத்திட்டாரு என்று கூடச் சொல்லவில்லை. அப்பா வயதுக்காரர்; நேரில் அண்ணாச்சி, முதுகுக்குப் பின்னால் ‘டான்’.

அந்தப் பேச்சு ஊரில் சுற்றியது. பிறகு அந்தப் பட்டறை வழியாகப் போக நேர்ந்தால் நான் வேறு பாதை பிடிப்பேன்.

இதைவிடப் பெரிய தவறு என் லாத்தா, அதாவது அக்கா, மகனுக்குச் செய்தது. பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். என் கதைகளைக் கேட்டே வளர்ந்தவன். தாமிரபரணி பிறக்கிற இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது அவன் ஆசை. எங்கள் வாசலுக்குப் பக்கத்தில் கடலில் கலக்கிற ஆறு, 130 கிலோமீட்டருக்குள் மேலே மழைக்காட்டில் பிறக்கிறது; பையனுக்கு ஆசை வருவது நியாயம். கூட்டாளிகளோடு மலைக்குப் போகிறேன், எந்தக் கத்தி வாங்க மாமா என்று கேட்டான்.

என் வாழ்க்கையில் என்னிடம் யாரும் இவ்வளவு நம்பிக்கையோடு எதையும் கேட்டதில்லை. ஐந்து அங்குல அலகு, ஃபுல் டாங், தோல் உறை. நானே தேர்ந்து கொடுத்தேன். “கொண்டுபோனா ஒண்ணும் சொல்லமாட்டாங்கள்ல மாமா?” என்றான். எனக்குச் சட்டமும் தெரியும் அல்லவா? ஆயுத விதிகளில், வீட்டு வேலைக்கோ விவசாயத்துக்கோ அல்லாமல் 9 அங்குலத்துக்கு நீளமாகவோ 2 அங்குலத்துக்கு அகலமாகவோ உள்ள அலகுகளைத் தனி வகையாக வைத்திருக்கிறார்கள். அதை எங்கோ படித்திருந்தேன். “ஒம்பது இஞ்சுக்குள்ள இருந்தா எங்க வேணும்னாலும் கொண்டுபோலாம்” என்றேன்.

எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோக முடியாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 31-ஆம் பிரிவு: தலைமை வனவிலங்குக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்றவரோ எழுத்தில் முன்அனுமதி தராமல் யாரும் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழையக் கூடாது. ஆயுதம் என்றால் என்ன என்று அதே சட்டம் சொல்கிறது. துப்பாக்கி, வெடிமருந்து, வலை, பொறி என்று போகும் அந்தப் பட்டியலில் கத்தியும் பெயர் சொல்லி இருக்கிறது. எத்தனை அங்குலம் என்ற பேச்சே இல்லை. முண்டந்துறை 1962-இலிருந்தே சரணாலயம். களக்காட்டையும் சேர்த்து 1988-இல் புலிகள் காப்பகம் ஆனது, தமிழ்நாட்டின் முதல் காப்பகம். அதற்குள் சொந்தமாகக் கூடாரம் அடிப்பது, தீ மூட்டுவது எதற்கும் இடமில்லை. ஆக, உயிர்பிழைக்கும் கத்தியை வைத்து நான் கற்றுக்கொடுத்த வித்தை எல்லாமே, இந்த ஆற்றின் தலைமாட்டில் செய்தால் குற்றம்.

மலைக்குப் போகும் வழியில் ஒரு வனத்துறைச் சோதனைச் சாவடியில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். பையன்களை உட்கார வைத்தார்கள். அவர்கள் செய்தது அவர்கள் கடமை. தெரியாத எண்ணிலிருந்து எனக்கு அழைப்பு வந்தது. சாவடியிலிருந்த அலுவலர். மரியாதையாகத்தான் பேசினார். “நீங்கதான் இந்தக் கத்திய வாங்கிக் குடுத்து, கொண்டுபோலாம்னு சொன்னீங்களாமே?”

“இல்ல சார். எனக்கு ஒண்ணும் தெரியாது. சின்னப் பையன், ஏதோ சொல்றான்.”

சொல்லிவிட்டுக் கைப்பேசியை அணைத்துவிட்டேன். பக்கத்தில் அவன் நின்றுகொண்டிருந்திருப்பான். நான் சொன்னது அவன் காதிலும் விழுந்திருக்கும். மச்சான் கார் எடுத்துக்கொண்டு ஓடினார். சாயங்காலம் வரை வைத்திருந்து, எழுதி வாங்கிக்கொண்டு, கத்தியைப் பறிமுதல் செய்து, எச்சரித்து அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்ததும், தானே ஆசைப்பட்டு வாங்கியதாகச் சொன்னான். என் பெயரை எடுக்கவே இல்லை. அன்று இரவு அவனைச் சுற்றி உட்கார்ந்து புத்தி சொன்ன பெரியவர்களில் நானும் ஒருவன். அவன் என்னை ஒருமுறை பார்த்தான். இப்போது வெளிநாட்டில் இருக்கிறான். பெருநாளைக்குப் பெருநாள் கூப்பிட்டு ஸலாம் சொல்வான். கத்தியைப் பற்றி அவனும் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் அலமாரியைக் காலி செய்தேனா என்றால் இல்லை. பூட்டு போட்டேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்றும் அன்று இரவும் எங்கள் ஊரில் பெய்ததை மழை என்று சொன்னால் போதாது. மறுநாள் காலை வரையான 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். ஓராண்டு முழுக்க எங்கள் பக்கம் பெய்வதைவிட அதிகம். திருச்செந்தூரில் 69. குளங்கள் உடைந்தன, தாமிரபரணி கரை தாண்டியது, செந்தூர் எக்ஸ்பிரஸ் நூற்றுக்கணக்கான பயணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. மின்சாரம் இல்லை, கைப்பேசி இல்லை. எந்தக் காட்டுக்கும் போகாமல், பிறந்த தெருவிலேயே உயிர்பிழைக்க வேண்டிய நேரம் வந்திருந்தது. இதற்காகத்தானே அத்தனை வருடம் கத்தி சேர்த்தேன்?

எங்கள் வீட்டுப் பக்கத்து முடுக்கில் ஒரு பந்தல் சாய்ந்து, தார்ப்பாயும் நைலான் கயிறும் விழுந்த முருங்கையோடு சிக்கி வழியை அடைத்துவிட்டன. இடுப்பளவு தண்ணீர். அந்த முடுக்கு வழியாகத்தான் பின்வீட்டு மூதாட்டியை மாடி வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு தம்பி கீழேயிருந்து கத்தினான்: “காக்கா, உங்ககிட்ட கத்தி இருக்குமே, ஒண்ணு குடுங்க!”

அலமாரியைத் திறந்தேன். தோல் உறையிலிருந்து இழுத்தேன், வரவில்லை. இன்னொன்றை இழுத்தேன். அதுவும் வரவில்லை. கடற்காற்றின் உப்பு, தோல் குடித்து வைத்திருந்த ஈரம், தோல் பதனிட்ட சரக்கு எல்லாம் சேர்ந்து, கரி உருக்கு அலகை உறையோடு துருவால் ஒட்டிவிட்டிருந்தது. கத்தியைத் தோல் உறையில் வைத்து மாதக்கணக்கில் பூட்டக் கூடாது, எண்ணெய் போட்டு வெளியே வைக்க வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஒன்றை எப்படியோ உருவியபோது, முழங்கை வரை செந்தூள் கொட்டியது. முனை கயிற்றை அறுக்கிற நிலையில் இல்லை.

மாடியிலிருந்து எட்டிப் பார்த்து, “அலமாரிச் சாவியக் காணோம் தம்பி!” என்றேன்.

சாவி என் சட்டைப் பையில் இருந்தது. அலமாரிக் கதவு எனக்குப் பின்னால் திறந்து கிடந்தது. என் வீட்டம்மா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. அடுக்களையிலிருந்து தேங்காய் வெட்டுகிற அரிவாளைக் கொண்டுவந்து கயிற்றில் கட்டி இறக்கினாள். அவர்கள் முருங்கையை வெட்டி, கயிறுகளை அறுத்து, மூதாட்டியை நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோனார்கள். அந்தத் தம்பி இன்றும் என்னைப் பார்த்தால், “சாவி அன்னைக்குன்னு பாத்து காணாமப் போச்சே காக்கா” என்று எனக்காக வருத்தப்படுவான். தம்பி, சாவி காணாமல் போகவில்லை.

அந்த நாட்களில் ஊரைக் காப்பாற்றியவை எவை என்று யோசித்துப் பார்த்தேன். மீனவர்களின் படகு, கயிறு, லாரி டியூப், குடிதண்ணீர்ப் போத்தல், பெரிய அண்டாவில் சோறு. அந்தப் பட்டியலில் கத்தி வருகிறது, ஆனால் ரொம்பக் கீழே. காட்டிலும் அப்படித்தான். 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; எந்தக் கத்தி இருந்திருந்தாலும் அவர்களுக்கு உதவியிருக்காது. அனுமதி, வழி தெரிந்த துணை, தண்ணீர், பருவம் பார்த்துப் போவது, இவைதான் நம் காடுகளிலிருந்து ஒருவரை உயிரோடு வீட்டுக்குத் திருப்பி அனுப்பும். 2024-இல் அரசு தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் வழிகாட்டியோடு முறையாகப் போகலாம். போகிறவனின் பையில் கத்தி இருக்கிறதா என்று யானை கேட்பதில்லை.

இன்னும் யாராவது என்னிடம் எந்தக் கத்தி வாங்க என்று கேட்டால் சொல்லத்தான் செய்வேன், பழக்கதோஷம். தனியார் தோட்டத்திலோ அனுமதித்த முகாமிலோ வேலை செய்ய, நான்கு அங்குலத்துக்குப் பக்கமான அலகு. கனம் இரண்டரை, மூன்று மில்லிமீட்டர் போதும். கடலோரத்தில் இருப்பவர்கள் பெருமையை விட்டுவிட்டுத் துருப்பிடிக்காத உருக்கு வாங்குங்கள். பிளாஸ்டிக் உறை, தண்ணீர் வடிய அடியில் ஓட்டையோடு. முதுகில் ரம்பம், பிடியில் திசைகாட்டி எதுவும் வேண்டாம். விலை அதிகமான கத்தியை உபயோகிக்க மனம் வராது, அதனால் மலிவானது நல்லது. நான் இப்போது வைத்திருக்கும் மோரா ஃபுல் டாங் கூடக் கிடையாது. அத்தனை வருடம் ஃபுல் டாங் என்று கத்தியதற்குப் பதில் இதைச் சொல்கிறேன். கூடவே இருபக்கச் சாணைக்கல் ஒன்று. அதில் தீட்டப் பழக எனக்கு இந்த வயதில் பல மாதம் ஆனது. விரலில் இன்னும் தழும்பு.

2025 ஜனவரியில் சிவகளையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 3345 வரை போகிறது என்று முதலமைச்சர் அறிவித்தார். சிவகளை எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. செய்தியைப் பார்த்ததும் என் பழைய புத்தி எழுந்து உட்கார்ந்துவிட்டது. இதை வைத்து மாடியில் ஒரு மணி நேரம் பேசலாமே! கூட்டம் கூட்டவில்லை. ஆனால் ஆசை வந்தது, அதையும் மறைக்கவில்லை.

என் பேச்சைக் கேட்டுக் கத்தி வாங்கிய தம்பிகளுக்கு: அதைப் பாபநாசம் மலைக்கோ களக்காட்டுக்கோ வேறு எந்தச் சரணாலயத்துக்கோ கொண்டுபோகாதீர்கள். ஒன்பது அங்குலக் கணக்கு அங்கே செல்லாது. தோல் உறையில் வைத்திருப்பவர்கள் ஐப்பசி பிறப்பதற்குள் வெளியே எடுத்து எண்ணெய் தடவுங்கள். தீட்டத் தெரியாவிட்டால் என்னிடம் கொண்டுவாருங்கள், காசு வேண்டாம். ஆறுமுகநேரி ஆசாரி ஏமாற்றியதால்தான் கத்தி முறிந்துபோனது என்று உங்களில் யாராவது கேள்விப்பட்டிருந்தால், அது நான் கிளப்பிவிட்ட பேச்சு. அவர் சரியாகத்தான் சொன்னார், நான்தான் கேட்கவில்லை. இனி அந்தப் பேச்சை எங்கே கேட்டாலும் அப்போதே மறுத்துச் சொல்லுங்கள், என் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள்.